இதுவரைதான் என்று சொல்லத் தெரிந்த பக்தி: நம்பிக்கையும் சூழல், சமூகச் சிக்கல்களும்

ஏழாம் நூற்றாண்டில் மதீனா அரசுக்கென ஒதுக்கிவைத்த மேய்ச்சல் நிலம் ஒன்று இருந்தது. தனியார் மந்தைகள் அதில் நுழையக் கூடாது. அதற்கு ஹுனை என்பவரைக் காவலராக அமர்த்திய கலீஃபா உமர், கையோடு ஓர் உத்தரவும் கொடுத்தார்: கொஞ்சம் ஒட்டகமும் கொஞ்சம் ஆடும் வைத்திருப்பவன் வந்தால் உள்ளே விடு, இப்னு அவ்ஃப், இப்னு அஃப்பான் இவர்களுடைய மந்தைகளை விடாதே. இருவரும் நபித்தோழர்கள், பெரும் செல்வந்தர்கள். காரணத்தையும் உமரே சொன்னார். அவர்களுடைய கால்நடை அழிந்தால் வயலும் பேரீச்சந்தோப்பும் இருக்கின்றன. ஏழையின் கால்நடை அழிந்தால் அவன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு என் வாசலுக்குத்தான் வருவான். அவனுக்குப் பொன்னும் வெள்ளியும் கொடுப்பதைவிடப் புல்லும் தண்ணீரும் கொடுப்பது எளிது.

இப்படி ஒதுக்கிய நிலத்துக்கு அரபியில் 'ஹிமா' என்று பெயர். புல் மிஞ்ச வேண்டும் என்பது சூழல் கணக்கு. மிஞ்சிய புல் யாருக்கு என்பது சமூகக் கணக்கு. ஒரே உத்தரவில் இரண்டும் அடங்கியிருக்கின்றன. சமய நம்பிக்கை இந்த இரண்டு சிக்கல்களையும் எப்படிக் கையாளுகிறது என்று புரிந்துகொள்ள விரும்புபவர் இங்கிருந்து தொடங்கலாம். பக்தி மனத்தை உருக்கிவிட்டால் காடும் குளமும் தாமாகப் பிழைத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். பிழைத்த இடங்களை எடுத்துப் பார்த்தால், எல்லாவற்றிலும் 'இதுவரைதான்' என்று யாரோ ஓர் எல்லை போட்டிருக்கிறார்கள், காவலுக்கு ஆள் வைத்திருக்கிறார்கள்.

பேச்சு எப்போது தொடங்கியது?

பழக்கம் பழையது, அதைப் பற்றிய விவாதம்தான் புதியது. 1967இல் அமெரிக்க வரலாற்றாசிரியர் லின் ஒயிட் 'சயன்ஸ்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். இயற்கை மனிதனுக்காகவே படைக்கப்பட்டது என்ற எண்ணத்தை மேற்கத்தியக் கிறிஸ்தவம் ஊன்றிவிட்டது, சூழல் நெருக்கடியின் வேர் அதில் இருக்கிறது என்பது அவர் வாதம். அதே கட்டுரையின் முடிவில் அசிசி நகர் பிரான்சிஸைச் சூழலியலாளர்களின் பாதுகாவலராக முன்மொழிந்தார். 1979இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அதை அதிகாரபூர்வமாகவே அறிவித்துவிட்டார். 1986இல் உலக இயற்கை நிதியம் பௌத்தம், கிறிஸ்தவம், இந்து சமயம், இஸ்லாம், யூதம் ஆகியவற்றின் தலைவர்களை அசிசிக்கே அழைத்து அறிக்கைகள் வெளியிட வைத்தது. 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் தம் சுற்றுமடலில், சூழல் நெருக்கடி தனி, சமூக நெருக்கடி தனி என்று இரண்டு இல்லை, இரண்டும் பின்னிக்கிடக்கும் ஒரே நெருக்கடி என்றார். அதே ஆண்டு ஆகஸ்டில் முஸ்லிம் அறிஞர்கள் இஸ்தான்புல்லில் கூடிக் காலநிலை பற்றிய பிரகடனம் வெளியிட்டார்கள்.

அறிக்கைகள் இந்த அளவுக்குப் போதும். அறிக்கையால் மட்டும் எந்த மரமும் பிழைத்ததில்லை.

நான்கு கேள்விகள்

சமயம் சார்ந்த ஓர் ஏற்பாடு நிலைக்குமா என்று பார்க்க நான்கு கேள்விகள் கேட்டால் போதும். எல்லை எங்கே? எந்த நாள், எந்தக் காலம்? பொறுப்பு யாருடையது? மீறினால் என்ன ஆகும்?

வடக்கு எத்தியோப்பியாவின் தெற்கு கோண்டர் பகுதியில் மேலிருந்து பார்த்தால் பழுப்பு நிற வயல்களுக்கு நடுவே பச்சைப் புள்ளிகளாகத் தெரிபவை ஆர்த்தடாக்ஸ் தேவாலயக் காடுகள். நடுவில் வட்டமான தேவாலயம், சுற்றிலும் பழைய காட்டின் மிச்சம். ஆயிரத்துக்கும் மேற்பட்டவை இருக்கின்றன; பெரும்பாலானவை சில ஹெக்டேர் அளவுதான். பொறுப்பு குருமாருடையது, மீறினால் தெய்வக் குற்றம். இவ்வளவு தெளிவாக இருந்தும் காடு ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டு வந்தது. கோடரி பட்டு அல்ல, மாடு மேய்ந்து. முளைத்த கன்றுகளை மாடுகள் தின்றுவிட, முதிர்ந்த மரம் விழுந்தால் அந்த இடத்துக்கு வர அடுத்த மரம் இல்லை. மனிதருக்குத் தெரிந்த எல்லை மாட்டுக்குத் தெரியவில்லை. தீர்வு மிக எளியது: பக்கத்து வயல்களில் உழவுக்கு இடைஞ்சலாகக் கிடந்த கற்களைப் பொறுக்கி மதில் எழுப்பினார்கள். வயலும் சுத்தமானது, காட்டுக்குக் கண்ணுக்குத் தெரிகிற எல்லையும் கிடைத்தது. புனிதம் என்பது வேலிக்கு மாற்று அல்ல என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

தாய்லாந்தில் 1988இல் பயாவ் மாகாணத்து பிக்கு ஒருவர் மரத்துக்குக் காவித்துணி கட்டித் 'துறவறம்' கொடுக்கும் சடங்கைத் தொடங்கினார். மனிதருக்கு மட்டுமே உரிய துறவறத்தை மரத்துக்குக் கொடுப்பதா என்று அப்போதே எதிர்ப்பு எழுந்தது. மரம் துறவியாகிவிடவில்லை, இது நினைவூட்டும் அடையாளம் என்று விளக்கம் சொன்னார்கள். வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணில் படுவது காவித்துணி. உண்மையான வேலை அதற்கு முன்னால் நடக்கிறது: பிக்குகள் கிராமத்தாரோடு உட்கார்ந்து பேசி, கடன் என்ன, விறகு எங்கிருந்து வருகிறது, எந்தப் பகுதியை விட்டுவைக்கலாம் என்று முடிவு செய்து, எல்லை குறித்த பிறகே சடங்கு. இந்த முன்வேலை இல்லாமல் துணியை மட்டும் கட்டினால் நல்ல புகைப்படம் கிடைக்கும்.

பாலித் தீவின் தண்ணீர்க் கோயில்கள்

நான்கு கேள்விகளில் இரண்டாவதை, அதாவது நாள் பற்றிய கேள்வியைப் புரிந்துகொள்ளப் இந்தோனேசியாவின் பாலித் தீவைவிட நல்ல எடுத்துக்காட்டைத் தேட வேண்டியதில்லை. கொஞ்சம் நின்று பார்ப்போம்.

அங்கே நெல் விவசாயிகள் 'சுபக்' என்ற பாசனச் சங்கங்களாக இணைந்திருக்கிறார்கள். தீவு முழுக்க ஏறத்தாழ 1,200 சங்கங்கள். ஒவ்வொரு சங்கத்துக்கும் மடையோடு ஒரு கோயில். பல சங்கங்களுக்குப் பொதுவாகப் பெரிய கோயில். எல்லாவற்றுக்கும் மேலே எரிமலை ஏரி ஒன்றின் பெயரால் பத்தூர் மலைக் கோயில். விவசாயிகள் அங்கு பூஜைப் பொருள் கொண்டுபோகிறார்கள், கூடவே எந்தச் சங்கம் எப்போது நாற்று நட வேண்டும், எப்போது நிலத்தைத் தரிசாக விட வேண்டும் என்பதையும் பேசி முடிக்கிறார்கள். 210 நாள் கொண்ட சடங்கு நாள்காட்டி இதற்கு அடிப்படை.

1970களில் பசுமைப் புரட்சித் திட்டம் வந்தது. புதிய குறுகிய கால நெல், உரம், பூச்சிக்கொல்லி. யாருக்கு எப்போது முடிகிறதோ அப்போது நடலாம், வருடத்தில் எத்தனை போகம் முடியுமோ அத்தனை போகம். கோயில் அட்டவணை வெறும் சடங்கு என்று ஒதுக்கப்பட்டது. மகசூல் ஏறியது. பின்னாலேயே நெற்பயிரின் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சி வந்தது. புகையானைத் தாங்கும் ரகம் கொண்டுவந்தார்கள். துங்ரோ நோய் வந்தது. மருந்து கூடிக்கொண்டே போனது.

நடந்தது என்ன என்பதை மானுடவியலாளர் ஸ்டீபன் லான்சிங் பிற்பாடு கணினி மாதிரி கொண்டு காட்டினார். ஒரு பெரிய பரப்பில் எல்லோரும் ஒரே நேரத்தில் அறுத்து, ஒரே நேரத்தில் தரிசு விட்டால் பூச்சிக்குத் தின்ன ஒன்றுமில்லை, ஒதுங்கவும் இடமில்லை. கூட்டமாகச் சாகிறது. பரப்பு சிறியதாக இருந்தால் பக்கத்து வயலுக்குத் தாவிவிடும். அப்படியானால் தீவு முழுதும் ஒரே நாளில் நட்டுவிடலாமே? முடியாது. எல்லோருக்கும் ஒரே வாரத்தில் நாற்றங்காலுக்குத் தண்ணீர் வேண்டியிருக்கும். ஆற்றில் அவ்வளவு வராது. பூச்சிக்காகச் சேர்ந்து நட வேண்டும், தண்ணீருக்காகப் பிரிந்து நட வேண்டும். எத்தனை சங்கம் சேர்ந்தால் இரண்டும் சரிப்படும் என்ற நடுவளவைத்தான் கோயில்கள் தலைமுறை தலைமுறையாகப் பேசிப் பேசிக் கண்டுபிடித்து வைத்திருந்தன.

இன்னொரு நுட்பமும் இதில் இருக்கிறது. மேல்மடைக்காரர் ஏன் கடைமடைக்குத் தண்ணீர் விட வேண்டும்? தர்மத்துக்காக என்று சொல்லலாம். ஆனால் கடைமடையில் தண்ணீர் இல்லாமல் நடவு தள்ளிப்போனால் அங்கே வளரும் பூச்சி மேல்மடைக்கு ஏறி வரும். ஆகவே தண்ணீர் பகிர்வது அவருக்கே லாபம். கோயில் செய்தது இந்த லாபத்தை எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி ஒரு கூட்டத்துக்குள் கொண்டுவந்ததுதான். 2012இல் யுனெஸ்கோ இந்தச் சுபக் நிலப்பரப்பை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

புனிதம் வேறு, சுத்தம் வேறு

நம்பிக்கை காக்கும் என்பது பாதிக் கதை. அதே நம்பிக்கை கண்ணையும் மறைக்கும்.

கங்கை எந்த அழுக்கையும் போக்குவாள் என்று நம்புகிறவரிடம் 'கங்கை மாசுபட்டிருக்கிறாள்' என்றால் அவர் காதில் அது நிந்தனையாக விழுகிறது. புனிதம் கெடாது, சுத்தம் கெடும். இரண்டும் ஒன்று என்று எண்ணினால் ஒன்று பக்தர் கோபப்படுவார், அல்லது 'தாய் பார்த்துக்கொள்வாள்' என்று சாக்கடைக் குழாயைப் பற்றிக் கவலைப்படாமல் போய்விடுவார். வாரணாசியின் சங்கட் மோசன் கோயில் மகந்த் (தலைமைக் குரு) வீரபத்ர மிஸ்ரா இந்தச் சிக்கலை உள்ளிருந்தே அறிந்தவர். காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் நீரியல் பொறியியல் பேராசிரியரும் அவரே. தினமும் கங்கையில் முழுகினார். 1982இல் தொடங்கிய அறக்கட்டளை மூலம் அதே தண்ணீரை ஆய்வுக்கூடத்தில் சோதிக்கவும் செய்தார். குளிப்பதற்கான தண்ணீரில் 100 மில்லிக்கு 2,500க்கு மேல் மலக் கோலிஃபார்ம் கிருமிகள் இருக்கக் கூடாது என்பது இந்திய அளவுகோல். நகரச் சாக்கடை கலக்கும் இடங்களில் எண்ணிக்கை இதைப் பல மடங்கு தாண்டியது. மக்களிடம் பேசும்போது அவர் நதியைக் குறை சொல்லவில்லை; தாயை இப்படியா நடத்துவது என்று கேட்டார். பொறியாளர்களிடம் போகும்போது பேச்சே வேறு. 1986இல் தொடங்கிய கங்கைச் செயல்திட்டத்தின் இறைப்பான்கள் மின்சாரம் போனால் நின்றுவிடும், நின்றால் கழிவு அப்படியே ஆற்றுக்குள். ஆகவே புவியீர்ப்பால் ஓடும் குழாயும் குளங்களில் சுத்திகரிப்பும் வேண்டும் என்று வாதாடினார். வெறும் பக்தர் கோலிஃபார்மை எண்ணியிருக்க மாட்டார். வெறும் பொறியாளர் சொன்னதைப் படித்துறையில் யாரும் காது கொடுத்துக் கேட்டிருக்க மாட்டார்கள்.

புனிதம் மனிதரையே வெளியே தள்ளும் இடமும் உண்டு. மகாராஷ்டிரத்தின் மகாட் நகரில் சவுதார் குளத்தை எல்லோருக்கும் பொது என்று 1924இல் நகராட்சியே தீர்மானம் போட்டும் தலித்துகள் இறங்க முடியவில்லை. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் போய் அந்தத் தண்ணீரைக் குடித்தார். அதற்குப் பிறகு மேல்சாதியினர் குளத்தைத் 'தூய்மைப்படுத்தினார்கள்': 108 குடம் நீர் வெளியே எடுத்து, சாணமும் கோமியமும் பாலும் தயிரும் சேர்த்து மந்திரத்தோடு உள்ளே ஊற்றினார்கள். சுத்தமான குளத்தில் சாணம் கலந்தால் அது தூய்மை, மனிதர் கை பட்டால் தீட்டு. எல்லை இருக்கிறதா என்று கேட்பதோடு நிறுத்தக் கூடாது. எல்லைக்கு வெளியே யார் நிற்கிறார்கள் என்றும் கேட்க வேண்டும்.

கொடுப்பதற்கும் அளவு உண்டு

சமூகப் பக்கத்தில் சமயங்கள் பெரும்பாலும் கருணையைப் பேசுவதாக நினைக்கிறோம். உண்மையில் அவை விழுக்காடு பேசுகின்றன. இஸ்லாத்தின் கட்டாயக் கொடையான ஸகாத்தின் கணக்கு: ஏறத்தாழ 85 கிராம் தங்கத்தின் மதிப்புக்கு மேல் செல்வம் ஒரு சந்திர ஆண்டு கையில் இருந்தால் அதில் 2.5%. விளைச்சலுக்கு வேறு கணக்கு: மழையில் விளைந்தால் பத்தில் ஒன்று, இறைத்துப் பாய்ச்சி விளைவித்தால் இருபதில் ஒன்று. உழைப்பும் தண்ணீரும் செலவானதற்குச் சலுகை. வாங்கத் தகுதியானோர் எட்டு வகையினர் என்று குர்ஆனே வரையறுக்கிறது.

விதி தெளிவாக இருந்தாலும் பக்க விளைவு வரும். யூத மரபில் ஏழாம் ஆண்டு நிலத்துக்கு ஓய்வு. விதைக்கக் கூடாது, தானாக விளைந்ததை யாரும் எடுத்துக்கொள்ளலாம், கடன்கள் தள்ளுபடி. கடைசியாக 2021 செப்டம்பரிலிருந்து ஓராண்டு இது கடைப்பிடிக்கப்பட்டது. பழங்காலத்திலேயே ஒரு கோளாறு தெரிந்தது: ஏழாம் ஆண்டு நெருங்க நெருங்க, எப்படியும் தள்ளுபடியாகப் போகிறதே என்று பணக்காரர்கள் கடன் கொடுப்பதையே நிறுத்தினார்கள். ஏழையைக் காக்க வந்த விதி ஏழைக்கு விதைநெல் கிடைக்காமல் செய்தது. ஹில்லெல் என்ற அறிஞர் 'புரோஸ்புல்' என்ற பத்திரத்தை ஏற்படுத்தினார். கடனை நீதிமன்றத்தின் பேருக்கு மாற்றிவிட்டால் தள்ளுபடி பொருந்தாது. விதியை வளைத்துவிட்டார் என்று சிலர் சொல்வார்கள். விதியின் நோக்கத்தைக் காப்பாற்றினார் என்றே சொல்லத் தோன்றுகிறது.

நிலத்தைத் தானமாகக் கேட்ட பூதான இயக்கத்துக்கு அப்படி ஒரு ஹில்லெல் உடனே கிடைக்கவில்லை. 1951 ஏப்ரல் 18, தெலங்கானாவின் போச்சம்பள்ளி. நிலமற்ற தலித் குடும்பங்கள் 80 ஏக்கர் கேட்டன. வினோபா பாவே கூட்டத்தில் கேட்டதும் ராமச்சந்திர ரெட்டி 100 ஏக்கர் தருவதாக எழுந்து நின்றார். அங்கிருந்து வினோபா நடந்தார். நாடெங்கும் 40 லட்சம் ஏக்கருக்கு மேல் வாக்குறுதி சேர்ந்தது. ஆனால் வந்ததில் கல்லும் கரடும் நிறைய, வழக்கில் கிடந்ததும் நிறைய. பெரும்பகுதி ஏழைகள் பேருக்கு மாறவேயில்லை. மேடையில் நெகிழ்ந்து கொடுத்தவரிடமிருந்து பட்டா வாங்கி வர ஆள் இல்லை. மூன்றாவது கேள்வி, பொறுப்பு யாருடையது என்பது, விடையில்லாமல் கிடந்தது.

வினோபாவின் அதே சர்வோதய மரபில் வந்த கிருஷ்ணம்மாள், ஜெகந்நாதன் தம்பதி வேறு வழி போனார்கள். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்ட பிறகு கீழத் தஞ்சைக்கு வந்து தங்கினார்கள். 1981இல் அவர்கள் தொடங்கிய 'லாஃப்டி' அமைப்பு தானத்தை எதிர்பார்க்கவில்லை. நிலக்காரரிடம் விலை பேசி, வங்கிக் கடன் பெற்று, நிலமற்ற தலித் குடும்பங்களின் பெண்கள் பேரில் பதிவு செய்தது. பிரார்த்தனையும் பாதயாத்திரையும் இருந்தன. கூடவே பத்திரப்பதிவும் தவணைக் கணக்கும் இருந்தன. பிறகு அதே கடலோரத்தில் இறால் பண்ணைகள் வந்து உப்பு நிலத்தடி நீரில் இறங்கத் தொடங்கியபோது ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 11 தீர்ப்பு, பாரம்பரிய முறைகளைத் தவிர, கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருந்த பண்ணைகளை அகற்றச் சொன்னது. அதோடு கதை முடியவில்லை. 2005இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றிப் பதிவு பெற்ற பண்ணைகளுக்கு இடம் கொடுத்தது.

உள்ளமைதி எதற்கு?

தியானம், ஜெபம், தொழுகை இவற்றால் இந்த வேலைக்கு என்ன பயன் என்று கேட்பவர்கள் உண்டு. முக்கியமான பயன் ஒன்று: தோற்றுக்கொண்டே இருக்கும் வேலையில் ஆளை நிற்க வைக்கிறது. ஆறு ஒரு வருடத்தில் சுத்தமாகாது. பலனை எண்ணாமல் செய்யும் பழக்கம் இல்லாதவர் இரண்டாம் வருடம் காணாமல் போவார். வியட்நாம் போரின் நடுவே திக் நாட் ஹான் வளர்த்த 'ஈடுபாட்டு பௌத்தம்' தியானத்தையும் குண்டு விழுந்த கிராமங்களை மீண்டும் கட்டுவதையும் ஒரே பயிற்சியாகவே எடுத்துக்கொண்டது.

ஆபத்தும் அங்கேயே இருக்கிறது. 'எல்லாம் அவன் செயல்', 'அவரவர் கர்மா' என்ற சொற்கள் தன் துயரைத் தாங்க உதவும். அடுத்தவர் துயரைப் பார்த்து அதையே சொன்னால் அது ஆன்மிகமல்ல, நழுவல். எளிய சோதனை: அந்தச் சொல்லைச் சொன்ன பிறகு கை வேலையில் இறங்குகிறதா, மடங்குகிறதா?

வழிபாட்டுத் தலத்தில் தொடங்குவதென்றால்

முதல் மாதம் எதையும் மாற்ற வேண்டாம்; அளக்க மட்டும் செய்யுங்கள். கடந்த 12 மாத மின்கட்டண ரசீதுகளை எடுங்கள். நான்கு வாரம் குப்பையை மூன்றாகப் பிரித்து எடை போடுங்கள்: உணவு, மற்ற மக்குபவை, மக்காதவை. பெரும்பாலும் எதிர்பார்த்தது ஒன்று, எடை காட்டுவது வேறொன்று. எது மிக அதிகமோ அதை மட்டும் முதல் ஆண்டுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தொடங்கும் குழுக்கள்தான் சீக்கிரம் கலைகின்றன.

மழைநீர் என்றால் கணக்கு எளிது. கூரைப் பரப்பு சதுர மீட்டரில், மழை மில்லிமீட்டரில், இரண்டையும் பெருக்கி 0.8 ஆல் பெருக்கினால் லிட்டர். 300 சதுர மீட்டர் கூரையில் 50 மி.மீ. பெய்தால் 12,000 லிட்டர். முதல் 2 மி.மீ. கூரை அழுக்கோடு வரும். அந்த 600 லிட்டரைத் தொட்டிக்குப் போகாமல் திருப்பிவிட வேண்டும். இதை விட்டுவிடுவதால்தான் பல தொட்டிகள் நாறி, பிறகு மூடப்படுகின்றன.

பூவையும் இலையையும் உரமாக்குவதென்றால் ஈரமானது ஒரு பங்குக்கு உலர்ந்த இலை, வைக்கோல் இரண்டு பங்கு, கொள்ளளவில். குவியல் ஒரு மீட்டர் நீளம், அகலம், உயரமாவது வேண்டும். அதற்குக் குறைந்தால் உள்ளே சூடு ஏறாது. நாற்றம் வந்தால் ஈரம் அதிகம், உலர்ந்ததைச் சேர்த்துக் கிளறுங்கள். முதலிலேயே நைலான் நூல், ஜிகினா, பிளாஸ்டிக் உறை எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். பின்னால் பொறுக்குவது நடக்காத காரியம்.

மரக்கன்று நடுவதைக் கடைசியில் வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. எல்லோரும் முதலில் செய்வது அதுதான், மிக அதிகமாகக் கெட்டுப்போவதும் அதுதான். விசேஷ நாளில் நடுகிறார்கள்; அந்த நாள் மழைக்காலத்தில் வருகிறதா என்று பார்ப்பதில்லை. 500 கன்று நடுகிறார்கள். முதல் கோடைக்கு 500 குடம் யார் சுமப்பது என்று கேட்பதில்லை. ஐம்பது போதும். ஒவ்வொரு கன்றுக்கும் ஒரு குடும்பத்தின் பேர், மூன்று வருடத் தண்ணீர்ப் பொறுப்பு, ஆடு மாடு நுழையாத வளைவேலி. அடுத்த ஆண்டு அதே விசேஷ நாளில் நன்கொடையாளர் பட்டியல் வாசிக்கும் ஒலிபெருக்கியிலேயே எத்தனை கன்று உயிரோடு இருக்கிறது, எத்தனை பட்டுப்போனது என்றும் வாசித்துவிடுங்கள். பட்டுப்போன கன்றுக்குரிய குடும்பம் அந்த மழையிலேயே மறுபடி நட்டுக்கொள்ளட்டும். குழு அவர்களுக்காக நட்டுக் கொடுக்க வேண்டாம்.